தூக்கத்தில் மூன்றாம் நிலை

அந்தத் தொடக்கப்பள்ளியில் கடைசி ஒரு மணி நேரத்துக்கு 'ஆக்டிவிட்டி' என்று பெயர். அப்படியானால் காலையிலிருந்து அதுவரைக்கும் பிள்ளைகள் செய்ததெல்லாம் என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. கூட்டல், கழித்தல், சொல்வதெழுதுதல், படித்ததை ஒப்பித்தல் எல்லாம் முடிந்து, பிழிந்து போட்ட துணி மாதிரி ஆன பிறகுதான் ஆக்டிவிட்டி ஆரம்பிக்கும். திங்கள் கீபோர்டு, செவ்வாய் அபாகஸ், புதன் விருப்பப்பட்ட கிளப், வியாழன் கராத்தே, வெள்ளி ஓவியம். பிள்ளைகளுக்குள் ஒளிந்திருக்கும் திறமையை வெளியே கொண்டுவருவதே எங்கள் நோக்கம் என்று வாசலில் பெரிய பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். பாவம், அந்தத் திறமை எதற்காகப் போய் ஒளிந்துகொண்டது என்று யாராவது ஒரு நாள் விசாரித்திருக்கலாம்.

புதன்கிழமை செஸ் கிளப்புக்குக் கோப்பைகள் வாங்கிய பயிற்சியாளர் இருந்தார். ரோபோ கிளப்புக்கு, பெட்டி பெட்டியாக மோட்டாரும் வயரும் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் பேசும் இளம் மாஸ்டர் இருந்தார். மூன்றாம் வகுப்பு டீச்சரிடம்தான் ஒன்றும் இல்லை. "நீங்களும் ஏதாவது ஒரு கிளப் நடத்துங்க டீச்சர். உங்களுக்குன்னு ஒரு தனித்திறமை இல்லாமலா போயிடும்?" என்று பிரின்சிபால் மேடம் கேட்டபோது அவளுக்கு ஞாபகம் வந்தது வீட்டில் கிடந்த ஒற்றைச் சாக்ஸ் மூட்டைதான். துவைக்கும்போதெல்லாம் ஒன்று தொலையும், மிஞ்சியதைத் தூக்கிப் போட மனசு வராது. அதில் இரண்டு பொத்தான்களைத் தைத்துக் கையில் மாட்டினால் பொம்மை. அப்படிப் பிறந்ததுதான் பொம்மை கிளப். அவளும் அன்றோடு பொம்மை டீச்சர் ஆனாள். மேல்மாடியில் தட்டுமுட்டுச் சாமான் போடும் அறையை அவளுக்காகக் காலி செய்து கொடுத்தார்கள். காலி செய்தது என்றால், பழைய ஆண்டுவிழா அலங்காரங்களையும் உடற்பயிற்சி மெத்தைகளையும் சுவர் ஓரமாகத் தள்ளிவைத்தார்கள், அவ்வளவுதான்.

அவள் தற்காலிக ஆசிரியை. ஆறு வருஷமாகத் தற்காலிகம். தற்காலிகமாக ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டிருந்தால் அதுகூட இதற்குள் அந்த இடத்துக்குச் சொந்தமாகியிருக்கும். சம்பளம் கைக்கும் வாய்க்குமே போதாததால், பள்ளி முடிந்த கையோடு ஒரு டியூஷன் சென்டருக்கு ஓடுவாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளையும் இழுத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன், வீட்டுக்கு வருவது விருந்தாளி வருவது மாதிரி. அம்மா பாடம் நடத்தி முடிக்கும்வரை பாப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். இருட்டிய பிறகு பஸ். பஸ்ஸில் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போகும். வீட்டில் எழுப்பி, நாலு வாய் ஊட்டி, படுக்கப் போட்டால் அன்றைய நாள் தீர்ந்தது. குழந்தை கடைசியாக எப்போது தன்னிடம் ஒரு கதையை முழுசாகச் சொல்லி முடித்தது என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

அந்த வருஷத் தொடக்கத்தில் பிரின்சிபால் மேடம் ஆசிரியர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்.

"ஒரே ஒரு வேலையை நிரந்தரம் பண்ண நிர்வாகம் ஒத்துக்கிட்டிருக்கு. யார் கிளப்புக்கு மவுசு அதிகமோ அவங்களுக்குத்தான்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் என்னை யாரும் வந்து கேட்கக் கூடாது."

நிரந்தரமானால் டியூஷனை விட்டுவிடலாம். வெளிச்சம் இருக்கும்போதே மகளைக் கூட்டிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். உட்கார்ந்து அது சொல்வதைக் கேட்கலாம். அவளுக்கு வேறு பெரிய ஆசைகள் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தாலும் அலுப்பில் மறந்துபோயிருக்கும்.

முதல் புதன்கிழமை எட்டே எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். மற்ற கிளப்புகளில் இடம் கிடைக்காதவர்களும், இடம் கிடைத்தும் சேட்டை தாங்காமல் துரத்தப்பட்டவர்களும். அவர்களில் அவளுடைய வகுப்புப் பெண் ஒருத்தியும் இருந்தாள். அபாகஸில் பரிசுக்கு மேல் பரிசு வாங்குகிறவள் என்பதால் பள்ளியே அவளைக் கால்குலேட்டர் என்று கூப்பிடும். நீ எப்படி இங்கே வந்தாய் என்று டீச்சர் கேட்டாள்.

"அப்பா செஸ்ல சேர்க்கத்தான் போனாரு டீச்சர். அதுக்குள்ள ஃபுல் ஆயிடுச்சாம்."

அதைச் சொன்னபோது அந்த முகத்தில் வருத்தத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு டீச்சருக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. முந்தின நாள் டியூஷனிலிருந்து கொண்டுவந்த விடைத்தாள்களைத் திருத்தி முடிப்பதற்குள் பொழுது விடிந்திருந்தது. சாக்ஸ் மூட்டையைப் பிரித்தாள், பொத்தான்களைத் தேடி எடுத்தாள், ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். நூல் ஊசியின் காதுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போனதே ஒழிய உள்ளே நுழையவில்லை. எதிரே எட்டுப் பேரும் கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் அந்த மெத்தையை விரிச்சு அஞ்சு நிமிஷம் படுங்க. டீச்சர் நூலைக் கோத்துட்டுக் கூப்பிடுறேன்."

படுத்தார்கள். மின்விசிறியின் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவள் நூலைக் கோத்தாளா இல்லையா என்பது இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அடுத்து அவள் காதில் விழுந்தது வீட்டுக்குப் போகும் மணிதான்.

அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தன. ஒரு மணி நேரம் முழுசாகப் போயிருந்தது. வெளியே தெரிந்தால் ஆறு வருஷ உழைப்பும் காற்றோடு போகும். "யார் கேட்டாலும்..." என்று ஆரம்பித்தாள். ஆசிரியை ஒருத்தி பிள்ளைகளிடம் எந்த வாயால் பொய் சொல்லச் சொல்வது? கால்குலேட்டர்தான் கை கொடுத்தாள்.

"பொம்மை பண்ணினோம்னு சொல்லிடுறோம் டீச்சர்."

மற்ற ஏழு தலைகளும் ஆடின. வீட்டுப்பாடம் ஏன் எழுதவில்லை என்றால் ஏழு விதமாக உளறுகிற பிள்ளைகள், இந்த விஷயத்தில் ஒரே வாயாக நின்றன. பிள்ளைகளுக்கு ஒற்றுமை இல்லை என்று யார் சொன்னது? வேண்டிய விஷயமாக இருந்தால் தானாக வரும்.

அடுத்த வாரம் அவள் ஒழுங்காகத்தான் தயாராகி வந்தாள். எட்டு ஊசியிலும் முதல் நாளே நூல் கோத்திருந்தாள். கதவைத் திறந்தால், மெத்தைகள் ஏற்கெனவே விரித்துக் கிடந்தன. "முதல்ல அஞ்சு நிமிஷம் டீச்சர்" என்றது ஒரு குரல். கேட்ட குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சலும் இல்லை. தாகமெடுத்தவர்கள் தண்ணீர் கேட்பது போல் இருந்தது. அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த அறையில் அஞ்சு நிமிஷம் என்றால் மணி அடிக்கும் வரை என்று ஆகிவிட்டது.

எல்லா வாரமும் அவளும் தூங்கினாள் என்று சொல்லிவிட முடியாது. சில நாள் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கராத்தேயில் பலகையை உடைக்கிற பையன் வாயைத் திறந்துகொண்டு எச்சில் ஒழுகத் தூங்குவான். கால்குலேட்டர் படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போவாள், விரல்கள் மட்டும் கொஞ்ச நேரம் இல்லாத மணிகளை நகர்த்திக்கொண்டிருக்கும், பிறகு அதுவும் அடங்கும். அதைப் பார்க்கும்போது டீச்சருக்கு நெஞ்சு இளகும். இந்தப் பள்ளியில் நான் செய்கிற ஒரே உருப்படியான வேலை இதுதானோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மாதக் கடைசியில் பிள்ளைகள் கிளப் மாறிக்கொள்ளலாம் என்பது பள்ளியின் வழக்கம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். பிள்ளைகளின் வாய் வேறு ரகம், பெரியவர்கள் பக்கம் மட்டும் கெட்டியாக மூடிக்கொள்ளும், தங்களுக்குள் தாராளமாகத் திறந்துகொள்ளும். எட்டு இருபதானது. அடுத்த மாதம் அந்த இருபது, அறை கொள்ளாத கூட்டமானது. கராத்தே அறையிலிருந்து கூடுதல் மெத்தைகளை இவளே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. "பொம்மலாட்டத்துக்கு மெத்தை எதுக்கு?" என்று பிரின்சிபால் மேடம் கேட்டதற்கு, "தரை ரொம்ப ஜில்லுன்னு இருக்கு மேடம், உக்கார முடியல" என்றாள். அது பொய்யில்லை, உண்மையில் பாதி.

ரோபோ மாஸ்டருக்குத்தான் பெருத்த அடி. ஒரு நாள் வராந்தாவில் வழி மறித்தார். அந்த ஒரே இடத்தின் மேல் அவருக்கும் கண் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"அக்கா, அந்த அறைக்குள்ள அப்படி என்னதான் நடக்குது? என்கிட்ட மோட்டார் இருக்கு, லைட் இருக்கு, தானா நடக்கிற வண்டி இருக்கு. உங்ககிட்ட இருக்கிறது ஓட்டைச் சாக்ஸ். ஆனா பசங்க உங்ககிட்டதான் ஓடுறாங்க. என்ன மந்திரம் போடுறீங்க?"

"மந்திரமெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. பசங்களுக்குப் பொம்மைன்னா பிடிக்கும்."

அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. நீயும் வேண்டுமானால் வந்து ஒரு ஓரமாகப் படுத்துக்கொள் தம்பி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

பாப்பா அந்த ரோபோ கிளப்பில்தான் இருந்தது. ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கு எல்லா கிளப்பும் இலவசம். இலவசமாகக் கிடைக்கும்போது நல்லதாகப் பார்த்து எடுக்காமல் விட்டால் அது முட்டாள்தனம் என்று அவள் நினைத்தாள். ஒரு சாயங்காலம் டியூஷன் சென்டரில், பிள்ளைகள் வருவதற்கு முன்னால், பாப்பா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா, நானும் உன் கிளப்புக்கு வரட்டா?"

"எதுக்கு?"

"எல்லாரும் சொல்றாங்க, அங்க..." குழந்தை சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தது. "அங்க ரொம்ப நல்லா இருக்குமாம்."

இதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு நொடி தயங்கினாள். பிறகு டீச்சராகிவிட்டாள்.

"ரோபோல இடம் கிடைக்காம எத்தனை பேரு அலையுறாங்க தெரியுமா? உனக்குச் சும்மா கிடைச்சிருக்கு. அதை விட்டுட்டு வர்றேங்கிற."

"எனக்கு அந்த வயர் மாட்டவே வரலைம்மா."

"வராததாலதான் போகணும்."

பாப்பா திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஒரு பேச்சு உண்டு. இவள் ஊரார் பிள்ளைகளைத் தட்டித் தூங்க வைத்துவிட்டு, தன் பிள்ளையை வயர் மாட்ட அனுப்பினாள். கேட்டால், எல்லாம் அதன் நல்லதுக்குத்தான் என்பாள். அங்கே பிள்ளைகளை அனுப்பிய அத்தனை பெற்றோரும் அதையேதான் சொன்னார்கள்.

மூன்றாம் மாதம் பிரின்சிபால் மேடம் அவளை அறைக்குக் கூப்பிட்டு, இதுவரை போடாத நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார்.

"பள்ளியிலேயே பெரிய கிளப் உங்களோடதுதான் டீச்சர். நிர்வாகத்துல சொல்லிட்டேன். அடுத்த வாரம் புதன்கிழமை, புதுசா பிள்ளைங்களைச் சேர்க்க வர்ற பெற்றோர் சில பேரைக் கூட்டிட்டு வர்றேன். ஒரு சின்ன பொம்மலாட்டம் போட்டுக் காட்டுங்க, போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான். ஆனால் பழமும் இல்லை, பாலும் இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். மூன்று மாதத்தில் அந்தக் கிளப் ஒரு பொம்மைக்குக்கூட இரண்டாவது கண் வைத்து முடிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து தானே பன்னிரண்டு பொம்மை தைத்துவிடுவது, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வரி வசனம் சொல்லிக் கொடுப்பது என்று முடிவு செய்தாள். இந்த வாரம் ஒத்திகை ஆரம்பித்தாக வேண்டும்.

புதன்கிழமை ஒத்திகைக்குத்தான் அறைக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னாள். பிள்ளைகள் எதிர்த்துப் பேசவில்லை. சரி டீச்சர் என்றன. எதற்கும் சரி என்று சொல்லிப் பழகிய பிள்ளைகள். எழுந்து வரிசையில் நின்றன, கையை நீட்டிச் சாக்ஸை வாங்கிக்கொண்டன. கராத்தேப் பையன் நின்ற வாக்கில் கண்ணை மூடி ஒரு பக்கமாகச் சரிந்து, திடுக்கிட்டு நிமிர்ந்து, "சாரி டீச்சர்" என்றான். அவளுக்கு மனசு கேட்கவில்லை. "சரி, போங்க. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அஞ்சு நிமிஷம்" என்றாள். பிள்ளைகளோடு தானும் ஒரு மெத்தையில் சாய்ந்தாள். அடுத்த வாரம் என்று சொன்ன பிரின்சிபால் மேடம் இந்த வாரமே வருவார் என்று அவள் கனவா கண்டாள்? அன்றைக்கு மத்தியானம்தான் சில பெற்றோர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேர்ந்தார்களாம். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவானேன், எங்கள் பள்ளியின் சிறந்த கிளப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவர் மாடிக்கு அழைத்து வந்துவிட்டார்.

அவள் கண் விழித்தபோது முதலில் தெரிந்தது செருப்புகளும் ஷூக்களும். பளபளவென்று துடைத்த ஷூக்கள், தரையோடு தரையாகப் படுத்திருந்த அவள் கண்ணுக்கு நேரே வரிசையாக நின்றன. மேலே பார்த்தாள். பிரின்சிபால் மேடம். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். சுற்றி, அறை முழுக்க, கொத்துக் கொத்தாகப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ குறட்டை விட்டார்கள். அது ஒரு குழந்தையின் குறட்டையாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

தொலைந்தோம் என்று நினைத்தாள். வேலை, சாயங்காலம், எல்லாம் போச்சு.

பிரின்சிபால் மேடத்தின் முகத்தில் இரத்தம் சுண்டியது, திரும்ப ஊறியது. அந்த இடைவெளியில் ஒரு மூச்சு விடலாம், அதற்கு மேல் முடியாது. அந்த ஒரு மூச்சில் அவர் சமாளித்துக்கொண்டார். முப்பது வருஷம் பெற்றோர்களைச் சமாளித்தவர் அல்லவா. உதட்டில் விரலை வைத்து, வந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஷ்... சத்தம் போடாதீங்க. இதுதான் எங்களோட ஸ்பெஷல். ஆழ்நிலை ஓய்வுப் பயிற்சி. டீச்சரும் பிள்ளைகளோட சேர்ந்தே செஞ்சு காட்டுவாங்க." பிறகு அவளைப் பார்த்தார். "அப்படித்தானே டீச்சர்?"

இல்லை மேடம், அசதியாக இருந்தது, தூங்கிவிட்டோம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான். அவள் எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் மெத்தையின் கட்டம் கட்டமாகத் தடம் பதிந்திருந்தது. வெளிச்சம் இருக்கும்போது வீட்டுக்குப் போகிற பஸ் அவள் கண் முன்னால் வந்து நின்றது. தலையை ஆட்டினாள்.

"பாருங்களேன், எவ்வளவு அமைதியா இருக்காங்க" என்றாள் ஒரு அம்மா, கண் கலங்க. "எங்க பையன் வீட்ல தூங்கவே மாட்டேங்குறான்."

"இதுக்கு சர்டிஃபிகேட் உண்டா?" என்றார் ஓர் அப்பா.

"மூணு லெவல் இருக்கு" என்றார் பிரின்சிபால் மேடம்.

அவர்கள் போன பிறகு அவளை அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துப் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கண்ணை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க தூங்கிட்டீங்கன்னு எனக்குத் தெரியும் டீச்சர். அந்தப் பிள்ளைங்களைப் பார்த்ததும் எனக்கே பக்கத்துல படுத்துக்கலாம் போல இருந்தது." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஆனா தூங்க வைக்கிறோம்னு சொன்னா யாரு பிள்ளையை அனுப்புவாங்க? பயிற்சின்னு சொன்னாத்தான் அனுப்புவாங்க. நாளைக்கே பாடத்திட்டம் எழுதிக் குடுங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

"சரி மேடம்" என்றாள்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். வேலை நிரந்தரமானது. அன்றைக்கே அவள் டியூஷன் சென்டருக்குப் போய், இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். ரோபோ மாஸ்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை. கொஞ்ச நாளில் அவரையும் இதில் சேர்த்துவிட்டார்கள். பிள்ளைகள் அசைந்தால் கீச்சென்று கத்துகிற ஒரு சின்னப் பெட்டியைச் செய்யச் சொன்னார்கள். பாவம், அதை அவர் நன்றாகவே செய்திருந்தார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். இங்கே சும்மா கிடந்த பிள்ளைகளைக் கெடுத்தார்கள். முதல் நிலை, கண்ணை மூடி அசையாமல் கிடப்பது. இரண்டாம் நிலை, மூச்சு சீராக வருவது. மூன்றாம் நிலை, முழுத் தூக்கம். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிறத்தில் மெத்தை, நட்சத்திரம், பரீட்சை. பாடத்திட்டத்தை எழுதியது அவள்தான், அவள் கையெழுத்தில்தான் எல்லாம் இருந்தது. முதல் பரீட்சையில், கையில் அட்டையோடு மெத்தைகளுக்கு நடுவில் நடந்துபோனாள். ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை. அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற மாதிரி கிடந்தார்கள். அவள் பக்கத்தில் வரும்போது மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். கால்குலேட்டர் முதல் நிலையிலேயே தேங்கிவிட்டாள். மறுநாள் அவள் அப்பா பள்ளிக்கு வந்துவிட்டார்.

"என் பொண்ணு எதுலயும் பின்தங்குனது கிடையாது டீச்சர். இதுல மட்டும் ஏன் இப்படி? வீட்ல தனியா பிராக்டிஸ் குடுக்கலாமா?"

கால்குலேட்டர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "தூக்கம் வருதான்னு எண்ணிக்கிட்டே இருந்தேன் டீச்சர். எண்ண எண்ண வரவே இல்ல" என்றாள். இவளா படுத்த மாத்திரத்தில் தூங்கினவள்! டீச்சருக்கு அவள் தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும் போல் இருந்தது. அப்பா பார்த்துக்கொண்டிருந்ததால், "முயற்சி பண்ணு, வந்துடும்" என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் சாயங்காலம் வந்தது. அதை இல்லை என்று சொல்லக் கூடாது. பள்ளி விட்டதும் பஸ், இறங்கினால் தெருவில் வெயில் இன்னும் மிச்சம் இருக்கும். வீட்டுப் படியேறும்போது பூட்டைத் தடவித் தேட வேண்டியதில்லை, கண்ணால் பார்த்தே திறக்கலாம். அந்தச் சந்தோஷத்தில் அவள் பாப்பாவுக்கும் ஒரு பரிசு கொடுக்க நினைத்தாள்.

"இனிமே நீ ரோபோவுக்குப் போக வேணாம். என் கிளப்புக்கே வந்துடு."

பாப்பா குதி குதியென்று குதித்தது. அவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் அவள் சமையலறையில் ஆப்பிள் நறுக்கித் தட்டில் வைத்தாள். இன்றைக்கு இதைச் சாப்பிட்டுக்கொண்டே பாப்பாவிடம் கதை கேட்பது என்று பஸ்ஸிலேயே தீர்மானித்திருந்தாள்.

"பாப்பா, வா. ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம்."

தட்டோடு உள்ளே போனாள். ஜன்னல் வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்து கிடந்தது. அந்த வெளிச்சத்தில் போர்வையை விரித்து பாப்பா மல்லாந்து படுத்திருந்தது. கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி நேராக இருந்தன. கண்களை இறுக்கி மூடியதில் இமைகள் நடுங்கின.

"என்னடா பண்ற?"

"பேசாதம்மா" என்றது உதடு அசையாமல். "பிராக்டிஸ் பண்றேன். புதன்கிழமை டெஸ்ட்."

"இப்ப எதுக்கு? வா, ஆப்பிள் சாப்பிடலாம்."

"நான் இன்னும் முதல் லெவல்தாம்மா. டீச்சரோட பொண்ணு முதல் லெவலான்னு கேக்குறாங்க. நீ கொஞ்சம் பாரு. நான் சரியா தூங்குறேனா?"

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. அதே சிரிப்போடு, "நீ எங்க கண்ணு தூங்குற? முழிச்சிட்டுத்தான் இருக்க" என்றாள்.

இமைகள் திறந்தன. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

"அப்ப நான் ஃபெயிலா?"

யாருக்காக அவள் இந்தச் சாயங்காலத்துக்கு ஆசைப்பட்டாளோ, அந்தக் குழந்தை எதிரே தரையில் கிடந்து தேர்ச்சி கேட்டது. குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஃபெயிலும் இல்ல, பாஸும் இல்ல. அதெல்லாம் டெஸ்ட்டே இல்லடா. கேளு, உனக்கு மட்டும் சொல்றேன். பிரின்சிபால் மேடம் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தாங்களே, அன்னைக்கு அம்மாவுக்கு அசதியா இருந்தது. படுத்தேன், தூங்கிட்டேன். பிள்ளைங்களுக்கும் அசதியா இருந்தது, அதுங்களும் தூங்கிடுச்சு. விஷயமே அவ்வளவுதான்."

பாப்பா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தது. கணக்குப் போடும்போது வருகிற அதே முகம்.

"பிரின்சிபால் மேடம் வந்தது உனக்குத் தெரியலையா?"

"தெரியல."

"கதவைத் திறந்தாங்களே, அது?"

"அதுவும் தெரியல."

"அப்ப அது மூணாவது லெவல்மா!" குழந்தை மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து அவளை வியப்போடு பார்த்தது. "பிராக்டிஸே இல்லாம! அதுக்கு உனக்கு என்ன குடுத்தாங்க?"

இதற்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்குப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

"வேலையை நிரந்தரம் பண்ணிக் குடுத்தாங்க" என்றாள்.

பாப்பா பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டது. அவள் மடியிலிருந்து இறங்கி மறுபடியும் போர்வையில் நேராகப் படுத்து, கைகளை ஒட்டி வைத்து, கண்களை முன்னைவிட இறுக்கி மூடிக்கொண்டது.